பனி கரைந்ததும் குதிரையைப் பச்சைப் புல்லில் அவிழ்த்து விடலாமா?

கேள்வி வெள்ளவத்தையிலிருந்து வந்தது. கேட்டவரின் தங்கச்சி கனடாவில், ஒன்ராறியோவில், பீற்றர்பரோவுக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டுக்குப் போன வருடம் குடிபோயிருக்கிறார். அவரிடம் இரண்டு குதிரைகள். ஒன்று 14 வயதான, குவாட்டர் என்ற இனத்துப் பெரிய குதிரை. மற்றது மகளுக்கென்று வாங்கிய வெல்ஷ் மட்டக்குதிரை. “ஐந்து மாதமாக லாயத்தில் காய்ந்த புல்லைத் தின்ற குதிரைகள். இப்போது பனி கரைந்து வயல் பச்சை பிடிக்கிறது. ஒரேயடியாக அவிழ்த்து விடாதே, கால் போய்விடும் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னாராம். இங்கே அம்மா சிரிக்கிறா. புல்லுத் தின்கிற மிருகம் புல்லைத் தின்று நொண்டுமோ, நெடுந்தீவிலை குதிரையளை ஆர் நேரம் பாத்து மேயவிடுகினம் எண்டு கேக்கிறா. எது சரி?”

பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னதுதான் சரி. தங்கச்சியிடம் இன்றைக்கே சொல்லுங்கள், படலையைத் திறக்க வேண்டாம். நெடுந்தீவில் காட்டாகத் திரியும் குதிரைகளைப் பற்றிய அம்மாவின் கேள்வியும் நல்ல கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் பேராதனையில் மிருக வைத்தியம் படித்துவிட்டுக் கொழும்பில் குதிரைகளைப் பார்த்து வருகிறவன். இடையில் இரண்டு வருடம் இங்கிலாந்தில் ஒரு குதிரை வைத்தியசாலையில் வேலை செய்தேன். ஏப்ரலும் மேயும் வந்தால் அங்கே தொலைபேசி ஓயாது. “நேற்று வரை நன்றாக நின்றது, இன்றைக்கு ஓர் அடி எடுத்து வைக்க மாட்டேன் என்கிறது” என்பதுதான் ஏறக்குறைய ஒவ்வொரு அழைப்பும். நல்ல தீனி, நல்ல வயல், குதிரையில் உயிரையே வைத்திருக்கும் ஆட்கள். அவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வயிறு. மாட்டுக்கு இருப்பதுபோல நான்கு அறை இரைப்பை குதிரைக்கு இல்லை. அதன் இரைப்பை உடம்புக்கு மிகச் சிறியது, 8 முதல் 15 லீற்றர் வரைதான் கொள்ளும். நார் செரிக்கிற வேலை பின்னால், பெருங்குடலில் நடக்கிறது. அதன் தொடக்கத்தில் குருட்டுக்குடல் என்று ஒரு பை இருக்கிறது. ஒரு மீற்றர் நீளம், 30 லீற்றர் அளவு. அதற்குள்ளும் அதற்கு அடுத்த பெருங்குடலிலும் கோடானு கோடி நுண்ணுயிர்கள் இருந்து நாரை நொதிக்கவைத்துக் குதிரைக்கு வலுவாக மாற்றிக் கொடுக்கின்றன. எந்தத் தீனி வருகிறதோ அந்தத் தீனிக்கு ஏற்ற கூட்டம் அங்கே பெருகும். ஐந்து மாதம் காய்ந்த புல் வந்தால், காய்ந்த புல்லை உடைக்கத் தெரிந்தவை மட்டும் பெருத்திருக்கும். அந்தக் கூட்டம் மாறிப் புதிதாக அமைய இரண்டு மூன்று கிழமை வேண்டும். அதைக் குறுக்குவழியில் நடத்திமுடிக்க எந்த மருந்தும் இல்லை.

இளவேனிற் புல் எப்படிப்பட்டது? ஒன்ராறியோ வயல்களில் இருப்பது திமோதி, ஓர்ச்சாட், புளூகிராஸ், குளோவர் போன்ற குளிர்நாட்டு வகைகள். குளிர்நாட்டுப் புல்வகைகள் தங்களுக்கு மிஞ்சிய சர்க்கரையை ஃபிரக்டன் என்ற ஒரு வடிவத்தில் தண்டின் அடியில் சேர்த்து வைக்கும். ஃபிரக்டனை உடைக்கும் நொதி குதிரையின் சிறுகுடலில் கிடையாது. ஆகவே அது அப்படியே பின்குடலுக்குப் போய்ச் சேரும். புதுப்புல்லில் நார் குறைவு, சர்க்கரை கூட, ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். குதிரைக்கோ அது தேன்.

கொழும்பு வெக்கையில் தோசை மாவை இறுக்கி மூடிவைத்து மறந்துபோனால் விடிய என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பொங்கி, புளித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். குதிரையின் குருட்டுக்குடலில் 38 பாகை செல்சியஸ் சூட்டில் அதே வேலை நடக்கும். அளவு மட்டும் 30 லீற்றர். சர்க்கரையைத் தின்னும் கிருமிகள் வெறிகொண்டு பெருகி லாக்ரிக் அமிலத்தைக் கக்கும். நாரைத் தின்னும் நல்ல கூட்டம் அந்தப் புளிப்பில் செத்து, அதன் உடலிலிருந்து நச்சுப் பொருட்கள் வெளியேறும். புளிப்பில் புண்பட்ட குடற்சுவர் அவற்றை இரத்தத்துக்குள் கசியவிடும். குதிரைக்கு வாந்தியெடுக்கவும் முடியாது. வயிற்றுவலி, வயிற்றோட்டம், அதன் பின்னால் குளம்பு.

குடலில் நடப்பதற்கும் குளம்புக்கும் என்ன தொடர்பு என்று எல்லோரும் கேட்பார்கள். குளம்பின் கடினமான சுவரும் உள்ளே இருக்கிற எலும்பும் மெல்லிய மடிப்புகளால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று செருகினாற்போல, ஒரு குளம்பில் 550, 600 மடிப்புகள். 450 கிலோ குதிரை ஒன்று அந்த மடிப்புகளில்தான் தொங்குகிறது. அவை வீங்கிப் பிடி தளர்வதுதான் குளம்பு அழற்சி, வைத்தியர்கள் லாமினைட்டிஸ் என்று சொல்வது. வீங்கினால் விரிவதற்கு அங்கே இடமில்லை, சுற்றிலும் கொம்புபோன்ற சுவர். பிடி முற்றாகத் தளர்ந்தால் எலும்பு உள்ளே திரும்பும், அடிப்பாதத்தை நோக்கி இறங்கும். அந்த நிலைக்குப் போன பல குதிரைகளைக் கருணைக்கொலை செய்ய வேண்டியிருந்தது. அந்தக் காலைகளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

இன்னொரு வழியாலும் இது வரும். மட்டக்குதிரை வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய வழி அது. சில குதிரைகளின் உடம்பு கொஞ்சம் சர்க்கரைக்கே அளவுக்கு மிஞ்சிய இன்சுலினைச் சுரக்கும். 2007-இல் அவுஸ்திரேலியாவில் நலமாக இருந்த மட்டக்குதிரைகளுக்கு இரத்தச் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொண்டே இன்சுலினை மட்டும் தொடர்ந்து ஏற்றிப் பார்த்தார்கள். குடலில் எந்தக் கோளாறும் இல்லாமலே, 72 மணித்தியாலத்துக்குள் அத்தனைக்கும் குளம்பு அழற்சி வந்தது. மேய்ச்சலில் வருகிற அழற்சியில் பெரும்பகுதி இப்படி இன்சுலினால் வருவதுதான் என்பது இன்று வைத்தியர்கள் ஏற்றுக்கொண்ட விஷயம். இதில் ஒரு கொடுமை இருக்கிறது. பின்குடலைப் பழக்கி எடுக்கலாம், இன்சுலின் கோளாறு உள்ள குதிரையைப் புல்லுக்குப் பழக்கி எடுக்க முடியாது. அதனால் தங்கச்சியின் இரண்டு குதிரைகளுக்கும் ஒரே பதிலைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரிய குதிரையை முதலில் பார்ப்போம். வயல் தயாரா? பனி உருகின மண் ஈரத்தில் ஊறிப்போய் இருக்கும். அதில் 450 கிலோ நடந்தால் புல்லின் வேர் சேறாகிவிடும். பிறகு வருடம் முழுக்கப் புல்லுக்குப் பதில் களைதான். நிலம் இறுகி, புல் 15 முதல் 20 சென்டிமீற்றர் உயரம் வரும்வரை பொறுக்க வேண்டும். ஒன்ராறியோவில் அது பெரும்பாலும் மே மாதம் நடுப்பகுதிக்குப் போய்விடும். மேய்ந்து 8, 10 சென்டிமீற்றருக்கு வந்ததும் அந்தப் பகுதியை மூடிவிட வேண்டும். “புல் கட்டையாக இருந்தால் குறையத் தின்னும், பயமில்லை” என்று பலர் நினைக்கிறார்கள். ஃபிரக்டன் தங்குவது தண்டின் அடியில் என்று மேலே சொன்னேனே, மொட்டையாக மேய்ந்த வயலில் குதிரை கடிப்பது அந்த அடியைத்தான்.

நாளில் எந்த நேரம்? வெயில் அடிக்க அடிக்கப் புல் சர்க்கரையைச் செய்கிறது, இரவில் அதை வளர்ச்சிக்குச் செலவழிக்கிறது. அப்படியென்றால் விடிகாலையிலிருந்து காலை பத்து மணிவரை சர்க்கரை மிகக் குறைவு, பின்னேரம் மிக உச்சம். வேலை முடிந்துவந்து ஐந்து மணிக்கு ஆசையாக அவிழ்த்து விடுவது எவ்வளவு பிழை என்று இப்போது விளங்கும். ஆனால் இரவில் குளிர் 5 பாகைக்குக் கீழே இறங்கியிருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். அந்தக் குளிரில் புல் வளராது. வளராததால் பகல் செய்த சர்க்கரை செலவாகாமல் காலையிலும் அப்படியே இருக்கும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியொரு இரவும் அதற்கடுத்துப் பளிச்சென்ற வெயிலும் ஒன்ராறியோவில் மே மாதத்திலும் வரும். அப்படியான காலையில் குதிரை காய்ந்த புல்லோடு உள்ளேயே நிற்கட்டும். ஒரு சின்ன வெப்பமானியை வேலிக் கம்பத்தில் கட்டிவிடச் சொல்லுங்கள். இரவின் ஆகக் குறைந்த வெப்பநிலையை அது காட்ட வேண்டும். இதைவிடப் பயனுள்ள செலவு இந்த விஷயத்தில் வேறொன்றும் இல்லை.

பழக்குகிற முறை எளிது, பொறுமைதான் அரிது. முதல் நாள் 15 நிமிடம். அடுத்த நாள் அரை மணி. இப்படி நாளுக்கு 15 நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் 16-ஆம் நாள் நான்கு மணித்தியாலம் ஆகும். ஐந்து மணித்தியாலம் வரை இப்படி ஏறி, சாணம் இறுக்கமாக இருந்து, குதிரையும் தெம்பாக இருந்தால் அதன்பின் நாள் முழுக்க விடலாம். முதல் கிழமை கயிற்றைக் கையில் பிடித்தபடி மேயவிடுவதே நல்லது. அரை ஏக்கரில் அவிழ்த்துவிட்டுப் பதினைந்தாவது நிமிடம் கூப்பிட்டால், புதுப்புல்லைக் கண்ட குதிரை திரும்பிப் பார்க்காது. மழை, வேலை என்று நடுவில் மூன்று நான்கு நாள் விடுபட்டால் விட்ட இடத்திலிருந்து தொடராமல் சில படி பின்னுக்குப் போய்த் தொடங்க வேண்டும்.

மிக முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். வெறும் வயிற்றோடு எந்தக் குதிரையையும் வயலுக்குக் கொண்டுபோகக் கூடாது. வயிறாரக் காய்ந்த புல்லைத் தின்னக் கொடுத்து, அது தானாக முகத்தைத் திருப்பிய பிறகு கூட்டிப் போக வேண்டும். பசித்த குதிரை மேயும் வேகம் வேறு. நாளில் கொஞ்ச நேரம் மட்டும் விடப்படும் மட்டக்குதிரைகள் இன்னும் மோசம். நேரம் குறைவு என்று அவைக்குத் தெரிந்துவிடும். மூன்று மணித்தியாலத்துக்குள் ஒரு நாள் தீனியில் ஒரு பெரிய பங்கை விழுங்கப் பழகிவிடும். “கொஞ்ச நேரம்தானே விட்டேன்” என்கிறவர்கள் எனக்குப் பொய் சொன்னதில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் குதிரை எவ்வளவு தின்றது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது.

காய்ந்த புல்லை எப்போது நிறுத்துவது? 450 கிலோ குதிரைக்கு நாளுக்கு எட்டு ஒன்பது கிலோ உலர்ந்த தீனி வேண்டும். ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரான புல்லில் அதே ஒன்பது கிலோவைப் பெற 45 கிலோ புல் தின்ன வேண்டும். ஆகவே வயலில் நாலைந்து மணித்தியாலம் நிற்கும் மட்டும் காய்ந்த புல்லைக் குறைக்கத் தேவையே இல்லை. குறைக்க வேண்டியது தானியத்தையும் தவிட்டையும்தான். புல் கூடக்கூட அவற்றை இறக்கிவிட வேண்டும். உப்புக்கட்டியும் நல்ல தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். சாணம் இளகினால் கூட்டுவதை நிறுத்தி, இரண்டு நாள் அதே அளவில் நிற்க வேண்டும். வயலில் அல்சைக் குளோவர் என்ற இளஞ்சிவப்புப் பூக் குளோவர் அதிகமாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது குதிரையின் ஈரலைக் கெடுக்கும், தோலை வெயிலில் வெந்துபோகச் செய்யும்.

இனி மகளின் மட்டக்குதிரை. எனக்கு உண்மையான கவலை இதைப் பற்றித்தான். வேல்ஸ் நாட்டின் வளம் குறைந்த மலைச் சரிவில் கிடைத்ததைத் தின்று பிழைத்த இனத்தின் வழி வந்தது வெல்ஷ் மட்டக்குதிரை. காற்றைக் குடித்துக் கொழுக்கும் என்று சொல்லத்தக்க உடம்பு. அதன் கழுத்தின் மேல்விளிம்பைப் பிடரிமயிருக்குக் கீழே விரல்களால் பிடித்து அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெதுவாக, இரண்டு பக்கமும் வளைந்தால் நல்லது. கட்டிபட்டு, தடித்து, அசையாமல் இருந்தால் அது இன்சுலின் கோளாற்றின் அடையாளமாக இருக்கக்கூடும். விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்படாவிட்டால், வால் அடியிலும் கண்ணுக்கு மேல் குழியிலும் கொழுப்புத் திரண்டிருந்தால், முன்பு ஒருமுறையாவது குளம்பு அழற்சி வந்திருந்தால், இந்த 15 நிமிடக் கணக்கு அதற்குப் பொருந்தாது. வயதேறிய குதிரைகளில், பொதுவாக 15 வயதைக் கடந்தவற்றில், கோடையிலும் உதிராத நீண்ட சுருண்ட மயிர் கண்டால் அதுவும் எச்சரிக்கை. குஷிங் என்ற சுரப்பி நோய் அது, அதோடும் அழற்சி வரும். பெரிய குதிரைக்கு இப்போது 14. இனி வருடாவருடம் அதன் மயிரையும் கவனிக்க வேண்டும்.

இப்படியான குதிரைக்குப் புல் முளைக்காத மண்தரையில் ஒரு வேலியடைப்பு, பரிசோதித்துச் சர்க்கரை குறைவென்று கண்ட காய்ந்த புல், கூட நிற்க ஒரு துணை. பரிசோதிக்க முடியாவிட்டால் காய்ந்த புல்லைக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி முதல் ஒரு மணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கொடுக்கலாம். சர்க்கரையில் ஒரு பகுதி கரைந்து போகும். வயலில் விட்டே ஆக வேண்டுமென்றால் வாய்க்கூடை போட்டுத்தான் விட வேண்டும். அடியில் ஒரு சிறு துளை இருக்கும், நுனிப்புல் மட்டும் அகப்படும். பார்க்கப் பாவமாக இருக்கும், மகள் அழவும் கூடும். ஆனால் வாய்க்கூடையோடு துள்ளித் திரிகிற குதிரையையும் பார்த்திருக்கிறேன், குளம்பு வலியில் மூன்று நாள் எழும்பாமல் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். போட்டபின் தண்ணீர் குடிக்க முடிகிறதா என்று மட்டும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இதில் நான் கொடுத்த விலை ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன்பு, ஓர் ஏப்ரல். கொழும்புக்கு வெளியே ஒரு வீட்டில் ராணி என்று ஒரு செம்மட்டக்குதிரை இருந்தது. இரண்டு மாத வறட்சிக்குப் பிறகு நல்ல மழை பெய்து தோட்டத்துப் புல் ஒரேயடியாக எழும்பியது. வீட்டுக்காரர் இயந்திரத்தால் புல்லை வெட்டி, அதன் பையில் சேர்ந்ததை இரண்டு முறை அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டார். வெட்டிய புல் அருகில் போகும்போதே சூடாக இருந்ததாம். பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்கள். ராணி விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, முன்காலால் நிலத்தைக் கிளறுகிறது, வியர்வையில் நனைந்திருக்கிறது. குழாய் விட்டு, ஊசி போட்டு, இரவு பதினொரு மணிக்கு அது சாணம் போட்டதும் எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

குளம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடல் புளித்த பிறகு குளம்பு அழற்சி வர ஒரு நாளிலிருந்து மூன்று நாள் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். வயிறு அடங்கிய சந்தோசத்தில் மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் விடிய மீண்டும் அழைப்பு. ராணி முன்கால் இரண்டையும் முன்னுக்கு நீட்டி, உடம்புப் பாரம் முழுவதையும் பின்னங்கால்களில் போட்டபடி, சுவரில் சாய்ந்து நின்றது. குளம்பில் கைவைத்தால் அடுப்புக்கல்போலச் சுட்டது. அந்த ஊர் மீன்கடைக்காரர் அன்று விற்க வைத்திருந்த ஐஸை எல்லாம் தந்தார். தடித்த பொலித்தீன் பைகளில் ஐஸும் தண்ணீரும் நிரப்பி, குளம்பிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை மூழ்கக் கட்டி, உருக உருக மாற்றி இரண்டு பகல் இரண்டு இரவு நின்றோம். ராணி பிழைத்தது. ஆனால் அதன்மேல் பிள்ளைகள் ஏறி மீண்டும் சவாரி போகவில்லை. முதல் இரவே ஐஸ் வைத்திருக்க வேண்டும். வலி தொடங்கும் முன் வைத்துத் தொடர்ந்து 48 முதல் 72 மணித்தியாலம் குளிரில் வைத்தால்தான் அது குளம்பைக் காக்கும். வலி வந்தபின் வைப்பது ஆறுதல், காப்பு அவ்வளவு இல்லை. தங்கச்சியின் குதிரை எப்போதாவது படலையைத் திறந்துகொண்டு போய் இரவு முழுக்க மேய்ந்துவிட்டால், அது நன்றாக நின்றாலும் உடனே வைத்தியரைக் கூப்பிட்டு ஐஸ் வைப்பது பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். நொண்டும்வரை பார்த்திருக்க வேண்டாம். வீட்டில் கிடக்கிற வலிமாத்திரையைக் கொடுத்து நடத்திப் பார்க்கவும் வேண்டாம். வலி மறைந்து குதிரை நடக்க நடக்க உள்ளே மடிப்புகள் கிழிந்துகொண்டே போகும்.

அறிகுறிகள் அதற்கும் முன்பே தெரியும், பார்க்கத் தெரிந்தால். கால் மாற்றி மாற்றி நிற்கும். திரும்பும்போது முன்கால்களைச் சுழற்றாமல் முழு உடம்பாகத் திரும்பும். புல்லில் நடக்கும், கல்பாதையில் தயங்கும். எல்லாவற்றுக்கும் முன்பு நாடி மாறும். குளம்புக்கு மேலே இருக்கும் கணுமூட்டின் பின்பக்கம், இரண்டு ஓரங்களிலும், ஒரு சிறு நரம்புக்கட்டுப்போல ஏதோ விரலுக்குக் கீழே உருளும். அதோடு ஓடும் நாளத்தில் மெல்ல விரல் வைத்தால் நலமான குதிரையில் துடிப்பு மிக மெலிதாக இருக்கும், சில நேரம் அகப்படவே மாட்டாது. குளம்பு கொதிக்கத் தொடங்கினால் அதே துடிப்பு விரலைத் தட்டும். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, சொந்த நாடியே தட்டுப்படும். குதிரை நலமாக இருக்கும் இந்த நாட்களிலேயே தினமும் ஒரு முறை தடவிப் பழகினால்தான் மாறும்போது தெரியும்.

இப்போது அம்மாவுக்கு. நெடுந்தீவுக் குதிரைகளுக்கு லாயமும் இல்லை, படலையும் இல்லை. வருடம் முழுவதும் நிற்பது மேய்ச்சலில்தான். வறட்சியில் காய்ந்ததைப் பொறுக்கும். மழை விழுந்தால் புல் ஒவ்வொரு தளிராக வரும், வயிறும் அந்தத் தளிர்களோடு சேர்ந்து நாளுக்கு நாள் மாறும். ஒரு வாய் புல்லுக்கும் அடுத்த வாய்க்கும் இடையில் நிறைய நடை. கொழுக்க அங்கே வழியே இல்லை. கனடாவில்கூட குளிர்காலம் முழுக்க வயலிலேயே நின்ற குதிரைக்குக் குடல் புளிக்கும் ஆபத்துக் குறைவு. புல் வரும் வேகத்திலேயே அதுவும் பழகிவிடுகிறது. ஐந்து மாதம் காய்ந்த புல்லில் வைத்துவிட்டு ஒரு காலை படலையைத் திறக்கும்போதுதான் இந்த இடைவெளி உண்டாகிறது. நெடுந்தீவுக் குதிரைகளும் சுகமாகத்தான் வாழ்கின்றன என்று அம்மா நினைக்க வேண்டாம். கடும் வறட்சியில் தண்ணீர் இல்லாமல் அவை செத்து விழுந்த வருடங்கள் இருக்கின்றன.

கொழும்பில் குதிரை வைத்திருப்போரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இங்கத்தைய புல்லையும் சொல்லிவிடுகிறேன். கினிப்புல், கோ-3 என்ற தீவனப்புல், அறுகு எல்லாம் வெப்பநாட்டு வகைகள். இவை ஃபிரக்டன் சேர்ப்பதில்லை, மாவுச்சத்தாகத்தான் வைக்கும். ஆகவே ஆபத்துக் குறைவு. ஆனால் ராணியின் கதை இங்கேதான் நடந்தது. ஜனவரி, பெப்ரவரி வறட்சிக்குப் பிறகு மார்ச், ஏப்ரல் மழையில் எழும்பும் புல்லுக்கு அதே இரண்டு மூன்று கிழமைப் பழக்கம் தேவை. கினிப்புல் போன்றவற்றில் ஒக்சலேற்று அதிகம். அது கல்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அதையே தின்ற குதிரையின் முக எலும்பு வீங்கும், நடை கெடும். வைத்தியரிடம் கேட்டுக் கல்சியம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இபில் இபில் என்ற மரத்தின் இலையைப் போட்டால் பிடரியும் வாலும் உதிரும். இயந்திரம் வெட்டிய புல்லை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. மெல்லத் தேவையில்லாததால் குதிரை அதை விழுங்கும், குவியலில் அது ஏற்கெனவே நொதித்தும் இருக்கும். அயல்வீட்டார் அன்பாகத் தருகிற புல்கட்டை அவிழ்த்து உதறிப் பாருங்கள். வேலியில் வெட்டிய அலரிக் கிளை அதில் கலந்திருந்தால், ஒரு பிடி இலையே குதிரையின் இதயத்தை நிறுத்தப் போதும்.

தங்கச்சி இன்றைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மட்டக்குதிரைக்கு இன்சுலின் பார்க்க இரத்தம் எடுக்கும்படி அங்குள்ள வைத்தியரிடம் நாள் கேட்கட்டும். முடிவு வரும்வரை அது மண்தரை அடைப்பில் நிற்கட்டும். பெரியதற்கு மே மாதம், புல் ஒரு சாண் உயர்ந்த பின், குளிர் விட்ட ஒரு காலையில், வயிறாரக் காய்ந்த புல் தின்ற பிறகு, 15 நிமிடம். கணுமூட்டில் நாடி அகப்படவில்லை என்றால் காலைப் பக்கவாட்டில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் எனக்கு அனுப்பினால் விரல் வைக்க வேண்டிய இடத்தைக் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.